கூரைக்கு ஒரு போர்வை

வெயிலும் மழையும் குளிரும் தன்னை வருத்தாவண்ணம் மனிதன் கூரை வேய்ந்தான். ஆயினும், கூரை இருந்தும் குளிரில் நடுங்குவோர் செல்வங் கொழிக்கும் நாடுகளிலும் உளர் என்பது நம்மிற் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அத்தகையோரின் துயர் தணிக்க, வீட்டின் உட்கூரைமீது வெப்பக் காப்பு இடுவதற்கு அரசாங்கங்கள் மானியம் வழங்குவதுண்டு. பார்வைக்கு இது சிறு காரியமே. எனினும், அயல் நாடுகளான நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் 2009 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இம்மானியத்தைப் பெருந்திட்டமாக நடைமுறைப்படுத்தி, முற்றிலும் வேறான முடிவுகளைக் கண்டன. பொதுநலம் பற்றிச் சிந்திப்போர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

வெப்பக் காப்பு என்பது யாது? சூடான காற்று இலேசானது, மேலெழும் இயல்பினது. குளிர்காலத்தில் அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கினாலும், அவ்வெப்பம் மேலெழுந்து கூரை வழியே வெளியேறிவிடுகிறது. உட்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் இடையேயுள்ள வெளியில் கண்ணாடி நாராலோ கம்பளியாலோ ஆன பஞ்சுப் படுக்கையை விரித்தால், அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது தடுக்கிறது. வெயில் மிக்க இடங்களில் அதே படுக்கை வெளிச்சூட்டை உள்ளே வரவிடாது. கிடுகு வேய்ந்த வீட்டின் குளுமையை அனுபவித்தோருக்கு இத்தத்துவம் புதியதன்று. ஓலை அடுக்குகளினிடையே தங்கும் காற்றும் இவ்வேலையையே செய்கிறது.

நியூசிலாந்து கண்ட வழி

நியூசிலாந்தின் வீடுகளிற் பெரும்பாலானவை மரத்தாலானவை. 1978 ஆம் ஆண்டிலேதான் புதிய வீடுகளுக்கு வெப்பக் காப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் கட்டப்பட்டவற்றுட் பல, குளிர்காலத்தில் ஈரங் கசிந்து, சுவரிற் பூஞ்சணம் படர்ந்து, குழந்தைகளின் மார்பை வாட்டும் இடங்களாயிருந்தன. வறியவர்களே அவ்வீடுகளிற் பெரிதும் வாழ்ந்தனர்.

அந்நாட்டறிஞர் பிலிப்பா ஹௌடன் சப்மன் என்னும் பெண்மணியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் இது பற்றி ஒரு பரிசோதனை நடத்தினர். வருமானங் குறைந்த ஏழு சமூகங்களிலிருந்து, மூச்சு நோயுள்ளவர் ஒருவரேனும் வாழும் 1350 வீடுகளைத் தெரிந்தெடுத்தனர். ஒரு பாதிக்கு முதலிற் காப்பு இட்டனர். மறு பாதியை ஒப்புநோக்குவதற்காக விட்டு, ஆய்வு முடிந்தபின் அவற்றுக்கும் காப்பு இட்டனர். அறிவைத் தேடும்போது ஏழையின் நலனை மறவாத இந்நேர்மை போற்றத்தக்கது.

அவ்வாய்வின் முடிவு 2007 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. காப்பு இட்ட வீடுகளின் படுக்கையறையில் வெப்பம் உயர்ந்தது அரைப் பாகையளவே. ஆயினும் ஈரம் குறைந்தது, இழுப்புக் குறைந்தது, வைத்தியரை நாடிச் செல்வது குறைந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லாது வீட்டில் நிற்கும் வாய்ப்பும் ஏறக்குறையப் பாதியாயிற்று. கூரைக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர்கள் இதனின்றும் உணரலாம்.

இவ்வறிவை அடிப்படையாகக் கொண்டே 2009 இல் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. வீட்டுச் சொந்தக்காரருக்குச் செலவின் மூன்றிலொரு பங்கு, 1300 டொலர் வரை, மானியமாகக் கிடைத்தது. வருமானங் குறைந்தோருக்கு 60 வீதம் கிடைத்தது. ஒப்பந்தமாகிய நிறுவனங்களே வேலையைச் செய்தன. செய்த வேலை பரிசோதிக்கப்பட்டது. பின்னர் கணக்குப் பார்த்தபோது, செலவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு பயன் விளைந்ததெனப் பொருளியலார் மதிப்பிட்டனர். அப்பயனிற் பெரும்பகுதி எரிபொருட் சேமிப்பினால் வந்ததன்று, உடல்நலத்தினால் வந்தது. குளிரில் ஒடுங்கிக் கிடந்த ஏழை, காப்புக் கிடைத்ததும் பணத்தை மிச்சம் பிடிப்பதைவிடச் சற்றே வெதுவெதுப்பாக வாழ்வதை விரும்பியது இயல்பேயன்றோ?

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது

அவுஸ்திரேலியாவின் நோக்கமும் தீயதன்று. உலகப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்த காலம் அது. தொழிலற்றோருக்கு விரைவில் வேலை கொடுக்கவேண்டும். வீடுகளின் எரிசக்திச் செலவையும் குறைக்கவேண்டும். இவ்விரு பயனையும் ஒரே கல்லில் வீழ்த்த எண்ணி, 2009 பெப்ரவரியில் அரசாங்கம் இத்திட்டத்தை அறிவித்தது. வீடொன்றுக்கு 1600 டொலர் வரை வழங்கப்பட்டது. ஜூலை முதல் அப்பணம் வேலை செய்த நிறுவனத்துக்கே நேராகச் செலுத்தப்பட்டது. வீட்டுக்காரர் பலருக்குக் கைப்பணம் செலவாகவில்லை; ஆதலின் வேலையின் தரத்தை ஆராயும் அக்கறையும் எழவில்லை.

சிறு தொழிலாயிருந்த ஒன்று சில மாதங்களுட் பெருகி ஆயிரக்கணக்கான நிறுவனங்களைக் கொண்டதாயிற்று. முன்பின் கூரையேறியறியாத இளைஞர்கள் வேலைக்கமர்ந்தனர். மேற்பார்வையாளர் ஒருவர் தகுதி பெற்றிருந்தாற் போதும், ஏனையோருக்குப் பயிற்சி கட்டாயமன்று என விதி தளர்த்தப்பட்டது. பஞ்சுப் படுக்கையோடு அலுமினியத் தாளும் அனுமதிக்கப்பட்டது. அத்தாளை உலோகக் கவ்விகளால் மரச்சட்டத்தில் அறையும்போது, கவ்வி மின்கம்பியைத் துளைத்தால் தாள் முழுவதிலும் மின்சாரம் பாயும். நியூசிலாந்தில் 2007 இல் மூவர் இவ்விதமே இறந்திருந்தனர். அயல்நாட்டார் உயிர் கொடுத்துக் கற்ற அப்பாடம் கடலைக் கடந்து பயன்படவில்லை.

2009 ஒக்டோபருக்கும் 2010 பெப்ரவரிக்கும் இடையில் நான்கு இளந்தொழிலாளர் மாண்டனர். மூவர் குவீன்ஸ்லாந்தில் மின்சாரந் தாக்கி இறந்தனர். ஒருவர் நியூ சவுத் வேல்ஸில் கூரையடி வெப்பத்துக்கு இரையானார். அவர்களுள் மூத்தவருக்கு வயது 25, இளையவருக்கு 16. பாடசாலையில் இருந்திருக்கக்கூடிய பருவம் அது. வீடுகள் தீப்பற்றிய செய்திகளும் வந்தன. 2010 பெப்ரவரி 19 ஆம் திகதி திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கூரைகள் காப்புப் பெற்றிருந்தன. அவற்றால் இன்றும் பலர் நன்மையடைவதை மறுத்தலும் நேர்மையாகாது. ஆனால், அந்த நான்கு குடும்பங்களின் முன் இத்தொகையை எடுத்துரைக்க எவருக்கு மனம் வரும்?

இயன் ஹங்கர் தலைமையிலான அரச விசாரணை ஆணைக்குழு 2014 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. திட்டம் உரியவாறு வகுக்கப்பட்டு நடத்தப்பட்டிருப்பின் அம்மரணங்கள் நிகழ்ந்திரா என அது தீர்ப்பளித்தது. அலுமினியத் தாளை அனுமதித்ததும் பயிற்சி விதியைத் தளர்த்தியதும் பெருந்தவறுகளென அது சுட்டிக்காட்டியது.

இரு நாடுகளையும் ஒப்பிடுங்கால் ஓருண்மை புலனாகிறது. இரண்டும் ஒரே மானியத்தை ஒரே காலத்தில் வழங்கின, இரண்டிடமும் பணம் இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. நியூசிலாந்து முதலில் ஆராய்ந்தது, பின்னர் வழங்கியது, வழங்கியபின் பரிசோதித்தது. அவுஸ்திரேலியாவோ முதலில் வழங்கியது. உயிர்கள் போனபின் ஆராய்ந்தது. அரசாங்கம் கருவூலத்தைத் திறக்கும்போது, பணம் பெறுவோரின் தொகையை மட்டும் கணக்கிட்டால் போதாது. அப்பணத்துக்காகக் கூரையேறும் கூலியாளின் கையிற் கருவியும் பயிற்சியும் உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். வீட்டிலிருப்பவனைப் போலவே கூரைமேல் நிற்பவனும் அந்நாட்டின் பிள்ளையே. வறியோருக்கு வீடும் விளக்கும் உதவும் திட்டங்கள் எந்நாட்டில் எழுந்தாலும், அவற்றை அளப்பதற்கு இவ்விரு வரலாறுகளும் நல்ல அளவுகோலாகும்.