பேர் சொல்லும் பூ – 9: சரோஜா வந்த வழி

காதுகுத்துப் பத்திரிகை எது கைக்கு வந்தாலும் என் கண் நேராகத் தாத்தா-பாட்டி வரிக்குத்தான் போகும். வெண்ணந்தூர், அத்தனூர், ராசிபுரம் பக்கத்துப் பத்திரிகை என்றால் அந்த வரியில் பெரும்பாலும் ஒரு சரோஜா இருப்பார். அவருக்கு மேலே, ‘தெய்வத்திரு’ வரிசையில், பாவாயியோ பெருமாயியோ பூவாயியோ. கீழே அம்மா இடத்தில் கவிதா அல்லது சுமதி. காது குத்திக்கொள்ளப் போகிற செல்வத்துக்கு யாஷிகா, தன்ஷிகா என்று ஏதாவது ஒன்று.

வெண்ணந்தூர் தறிச்சத்தம் ஓயாத ஊர். வெளியூர்க்காரர்களுக்கு அவல் மிட்டாயால் தெரிந்த ஊர். இங்கே முன்பு பெண் குழந்தைக்குப் பேர் தேட வேண்டிய வேலையே இருந்ததில்லை. அப்பாவைப் பெற்ற ஆத்தாவின் பேர் இருக்கும். அதை விட்டால் குலதெய்வத்தின் பேர். பூப்பேர் வேண்டும் என்றாலும் பூவாயி ஏற்கெனவே வீட்டில் இருந்தாள். ஆனால் இதில் ஒரு சங்கடம். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. மகளுக்கே அந்தப் பேரை வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது, எப்படித் திட்டுவது? அதனால் பாவாயி என்று பேர் வைத்த பிள்ளை காலம் பூராவும் ‘பாப்பா’, ‘கண்ணு’, ‘சாமி’யாகவே வளர்ந்தாள்.

இந்த இடத்தில்தான் சரோஜா உள்ளே நுழைகிறாள். குடும்பத்தில் எந்தக் கிழவிக்கும் சொந்தமில்லாத பேர். குலதெய்வத்துக்கும் பாத்தியதை கிடையாது. மருமகள் தாராளமாக வாய்விட்டுக் கூப்பிடலாம். தார் சுற்ற உட்காராமல் ஓடிப்போன பிள்ளையைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அதட்டலாம்.

பேரின் பொருள் எளிது. வடமொழியில் சரஸ் என்றால் குளம். குளத்தில் பிறந்தது சரோஜம், தாமரை. பங்கஜம், அம்புஜம், கமலா, வனஜா, நளினி எல்லாமே அதே தாமரைதான். பங்கஜமும் அம்புஜமும் பெரும்பாலும் அக்கிரகாரத்தோடு நின்றுகொண்டன. சரோஜா மட்டும் தெருத்தெருவாக இறங்கி நடந்தாள். பொருளைப் பார்த்து வைத்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. நெசவாளர் வீட்டிலும் குடியானவர் வீட்டிலும் சரஸ் என்றால் என்ன என்று யார் கேட்டார்கள்?

அவளை ஊர் ஊராகக் கொண்டுபோனது ஒரு சின்னப் பெண். 1937இல் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘பாலயோகினி’யில் பேபி சரோஜா நடித்தபோது அவருக்கு வயது ஆறு இருக்கும். 1931இல் பிறந்தவர், இயக்குநருக்கு அண்ணன் தம்பி உறவில் மகள். ஹாலிவுட்டில் ஷெர்லி டெம்பிள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்று இவரைக் கொண்டாடினார்கள். அடுத்து 1939இல் ‘தியாகபூமி’. கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே படத்தின் புகைப்படங்களும் கூடவே வந்தன. ஆங்கிலேய அரசு பிற்பாடு அந்தப் படத்தைத் தடை செய்தது. படத்துக்குத்தான் தடை, தமிழ்நாட்டுத் தொட்டில்களில் சரோஜாக்கள் நிறைந்துகொண்டே போனார்கள்.

எனக்கு இதில் ருசியான சங்கதி வேறு. ‘பாலயோகினி’ விதவைக் கொடுமையையும் சாதிக் கட்டுப்பாட்டையும் சாடிய படம். உயர்சாதி வீட்டுச் சிறுமி வேலைக்காரர் வீட்டில் அடைக்கலம் புகுகிற கதை. பார்த்தவர்கள் அந்தப் பாடத்தை எவ்வளவு தூரம் வீட்டுக்கு எடுத்துப் போனார்களோ, தெரியாது. சிறுமியின் பேரை மட்டும் எல்லாச் சாதிக்காரர்களும் எடுத்துப் போனார்கள்.

நம் சேலத்துப் பக்கம் சினிமாவுக்குத் தூரமானதில்லை. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் தன் முதல் படமான ‘சதி அகல்யா’வைக் கொடுத்ததும் அதே 1937தான். பிறகு டூரிங் டாக்கீஸ் காலம். சரோஜாவின் மவுசு தணிய வேண்டிய நேரத்தில் பி. சரோஜாதேவி வந்து இன்னொரு சுற்று ஏற்றிவிட்டார்: 1958இல் ‘நாடோடி மன்னன்’, 1959இல் ‘கல்யாண பரிசு’, 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. ‘கல்யாண பரிசு’ வந்தபின் அவர் ஏற்ற வசந்தி என்ற பாத்திரத்தின் பேரும் சேர்ந்து பரவியது என்பார்கள் பெரியவர்கள், நம்பலாம். 2025 ஜூலையில் 87 வயதில் அவர் காலமானபோது இரங்கல் செய்தி படித்த எத்தனை பாட்டிமார் தங்கள் பேரைத் தாங்களே ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார்கள்!

இறக்கம் வேகமாக நடந்தது. மலர்க்கொடி, தாமரைச்செல்வி, பூங்கொடி என்று திராவிட இயக்கக் காற்றில் தமிழ்ப் பேர்கள் வந்தன. பின்னால் கவிதாவும் சுமதியும். இப்போது ‘ஷ’வும் ‘ஸ்ரீ’யும் இல்லாமல் பேரே கிடையாது. 2008இல் வெங்கட் பிரபு ‘சரோஜா’ என்று படத்துக்குப் பேர் வைத்தபோது அதைக் கேட்டதுமே இளவட்டங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஜப்பானிலும் இப்படி ஒருத்தி உண்டு: ஹனாகோ. பூவைப் பேரில் வைத்திருப்பவள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தவள், இன்று விண்ணப்பப் படிவங்களின் மாதிரிப் பக்கத்தில் குடியிருக்கிறாள்.

ஆனால் வெண்ணந்தூரில் சரோஜா வழக்கொழிந்ததற்குச் சினிமாவை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். சரோஜா மாமியாராகிவிட்டாள். எந்தக் கிழவிக்கும் சொந்தமில்லை என்று நுழைந்த பேர், இப்போது வீட்டுக்கு வீடு ஒரு கிழவியின் பேர். பாவாயிக்கு இருந்த அதே வில்லங்கம். சதய நட்சத்திரத்தில் பேத்தி பிறந்து, ஜோசியர் ‘ஸ’ எழுத்து என்று குறித்துக் கொடுத்தாலும், மருமகள் செல்போனில் தேடுகிற நூறு பேரில் சரோஜா இருப்பதில்லை. மாமியாரும் வற்புறுத்துவதில்லை. “எம் பேரு எதுக்கு சாமி, பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க” என்பதுதான் அவருடைய தீர்ப்பு.

எழுத்துக் கட்டாயம் இல்லாத வீட்டில் மிருணாளினி என்று வைக்கிறார்கள். அதுவும் தாமரைக் கொடிதான். வைத்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. சரோஜாப் பாட்டிக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. “மீனாக்கண்ணு” என்று கூப்பிடுகிறார். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் பிள்ளை ஓடி வருகிறது.

(அடுத்த வாரம்: பூங்கொடி)