கடிவாளத்திலும் கனிவு வேண்டும்

குதிரை வளர்ப்போரே, குதிரையேற்றம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரே!

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் அமர்கிறது. அவ்விடத்து எலும்பை மெல்லிய ஈறே மூடியிருக்கிறது. ஆகவே, கடிவாளத்தைப் பிடித்ததும் தலையை உதறி வாயைத் திறக்கும் குதிரையை முரடு என்று அடித்துவிடாதீர்கள். அது தன் வலியைச் சொல்கிறது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் அதன் பற்களைக் காட்டுங்கள். முறுக்குக் கம்பியைத் தவிர்த்து, வழவழப்பான இரும்பைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒரே மூட்டுள்ள இரும்பு, இழுக்கும்போது மடிந்து நாக்கை நெருக்கும். இரு மூட்டுள்ளது பல குதிரைகளுக்கு இதமாயிருக்கும். தடித்த இரும்பே மென்மையானது என்பதும் பொதுவிதியன்று. சிறிய வாயில் அதற்கு இடமிராது. உதட்டோரத்தைக் கிள்ளாதபடி இருபுறமும் சிறிது இடம் இருக்கட்டும்.

எத்தகைய இரும்பாயினும் வன்கையில் அது கொடுமையே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தில் ஏறி அதனை அடக்க முயன்றபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. குதிரையின் வாரைப் பிடிக்கும் நம் கைகளுக்கும் அந்த அறிவுரை உரியதன்றோ! வாயில்லா ஜீவனின் வாய்வலியை நாம்தாம் உணர்ந்தறிய வேண்டும்.