சிரம்பியடியின் மஞ்சாப் பாட்டு

புத்தளம் நகருக்கு அண்மையில் சிரம்பியடி என்னும் சிற்றூர் உண்டு. அங்கு வாழும் சில குடும்பங்களின் முன்னோர் ஆபிரிக்காக் கண்டத்திலிருந்து வந்தோராவர். இலங்கை மக்கள் அவர்களைக் காப்பிரியர் என அழைத்து வந்தனர். அவர்கள் பாடும் பாட்டுக்கு மஞ்சா என்று பெயர். அப்பாட்டுகளை இயற்றியோர் யார் என்பதற்கு ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. யாரிடம் கற்றீர் என வினவினால், தாய், பாட்டி, பெரிய தாயார் என உறவுமுறையே விடையாக வரும். புலவர் பெயர் மறைந்து உறவின் பெயர் மட்டும் நிலைத்த இசை அது. வீட்டாரின் நினைவு ஒன்றையே ஏடாகக் கொண்டு ஓர் இசை எவ்வளவு காலம் நிற்கும், நிற்கும்போது எதனைக் காக்கும், எதனை நழுவவிடும் என்பதை அறிய விரும்புவோர் இச்சிற்றூரை நோக்குதல் தகும்.

காப்பிரி என்ற சொல்லின் வரலாற்றை முதலில் தெளிந்து கொள்ளல் வேண்டும். அரபு வணிகர், தம் சமயத்தைச் சாராதவரைக் குறிக்கும் சொல்லால் ஆபிரிக்கக் கரையோர மக்களையும் அழைத்தனர். போர்த்துக்கேயர் அதனை அவர்களிடமிருந்து கேட்டுத் தம் நாவுக்கேற்பத் திரித்தனர். தென்னாபிரிக்காவில் அச்சொல் பொறுத்தற்கரிய வசையாயிற்று. இலங்கையிலோ அது ஓர் இனத்தின் பெயராகவே வழங்கி வந்தமையால், அவ்வினத்தவர் தாமும் அதனைத் தம் பெயராக ஏற்றனர். ஒரே சொல் ஒரு கரையில் வசையாகவும் மறுகரையில் குடிப்பெயராகவும் நிற்பது வியப்பே.

ஆபிரிக்கர் இத்தீவுக்கு வந்தது போர்த்துக்கேயர் காலத்தில்தான் என்று பலர் எண்ணுவர். அதற்கு முன்பே வந்தவரும் உளர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா, பத்தாலா என்னும் பட்டினத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதாக எழுதியுள்ளார். பத்தாலா என்பது புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே பயணி, கொழும்பில் அதிகாரம் செலுத்திய ஒருவரிடம் அபிசீனியர் ஏறத்தாழ 500 பேர் இருந்தனர் என்றும் குறித்துள்ளார். ஆயினும் சிரம்பியடி மக்களின் கதை அவர்களிலிருந்து தொடங்குவதன்று. போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைப் போர்வீரராகவும் அடிமைகளாகவும் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் கோட்டை கட்டும் கடும்பணிக்கு அவர்களைப் பயன்படுத்தினர். ஆங்கிலேயர், ஆளுநர் பிரடெரிக் நோர்த் காலந்தொட்டு, அவர்களைக் கொண்டு தனிப்படையே அமைத்தனர். கண்டி அரசோடு 1803இல் நடந்த போரில் அப்படையினர் முன்னணியில் நிறுத்தப்பட்டனர். எவருக்காகப் போரிட்டனரோ அவரும் அந்நியர், எவரோடு போரிட்டனரோ அவரும் அந்நியர். அவர்களுடைய நிலையை இதற்கு மேல் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் அவ்வீரர் இலங்கைத் துப்பாக்கிப் படையில் சேர்ந்திருந்தனர். அப்படை 1873இல் கலைக்கப்பட்டது. புத்தளத்தில் நிலைகொண்டிருந்தவர்களும் அவர்தம் மனைவி மக்களும் திரும்பிச் செல்ல ஊரற்றவராய் அங்கேயே தங்கினர். அவர்களுக்குள் பொதுமொழியாய் விளங்கியது ஆபிரிக்க மொழிகளுள் ஒன்றன்று. இலங்கையிலே வளர்ந்த போர்த்துக்கேயக் கலப்புமொழி. போர்த்துக்கேயரின் ஆட்சி 1658இல் முற்றாக ஒழிந்தபின்னரும், ஒல்லாந்தர் தடுத்தும் தடைப்படாமல், அவர்தம் வீட்டுச் சமையற்கட்டுக்குள்ளேயே புகுந்து பேசப்பட்ட மொழி அது. மஞ்சாப் பாட்டுகள் அம்மொழியிலேயே அமைந்தவை.

இப்பாட்டுகளின் அமைப்பு மிக எளியது. சில அடிகளே உண்டு, அவையும் குறுகியவை. ஒருவர் தொடங்க மற்றையோர் சேர்ந்து கொள்வர். அதே அடிகள் மீண்டும் மீண்டும் வரும். தொடக்கத்தில் நடை தளர்ந்து ஆறுதலாகச் செல்லும். பின்னர் மெல்ல மெல்ல விரையும். முடிவை அணுகும்போது இருந்தவர் எழுந்து ஆடாமல் இருத்தல் அரிது. காதலும், பறவையும் விலங்கும், கடலும் பாட்டின் பொருளாகின்றன. இசைக்கருவிகளைப் பார்த்தால் பெரும்பாலும் அடுக்களையிலிருந்து எடுத்து வந்தவை போலத் தோன்றும். தேங்காய்ச் சிரட்டைகள் இரண்டு, கரண்டியாலோ நாணயத்தாலோ தட்டி ஒலியெழுப்பும் கண்ணாடிப் போத்தல் ஒன்று, மரத்துண்டுகள், இவற்றோடு றபானும் மேளமும். முற்காலத்தில் மாண்டலினும் இருந்ததுண்டு. பொன்னும் பொருளும் அற்ற குடும்பங்கள் கைக்கெட்டிய பொருளில் தாளத்தைக் கண்டன.

இக்குடும்பங்களின் அன்றாட மொழி இன்று சிங்களம். முன்னோரின் மொழியை அறிந்த முதியோர் அருகிவிட்டனர். இளையோர் பாட்டை முழுதாகப் பாடுவர். ஆனால் சொற்கள் பலவற்றின் பொருள் அவர்களுக்கு விளங்குவதில்லை. இதனைக் கேட்டு இரங்குவோர் உளர். பொருளறியாத பாட்டு கிளிப்பிள்ளைப் பாடம் அன்றோ என்று இகழ்வோரும் உளர். இகழ்வோர் புத்தளத்துக்குத் தெற்கே உடப்புக் கடற்கரைக்குச் சென்று, கரைவலை இழுக்கும் தமிழரின் அம்பாப் பாட்டைச் சிறிது நேரம் கேட்பாராக. ஏலேலோ என்பதற்குப் பொருள் என்னவென்று எந்த மீனவரும் வினவுவதில்லை. வலை கனக்கும்போது அந்த ஒலி அவர்தம் தோள்களை ஒன்று சேர்க்கிறது. அதுவே அதன் பொருள். மஞ்சாவும் அவ்வாறே. மொழி போயினும் மூச்சின் அளவு போகவில்லை. எந்த இடத்தில் குரல் இறங்கும், எந்த இடத்தில் கை விரையும் என்பன போகவில்லை. குறுகிய அடியும், திரும்ப வருதலும், உடம்பில் பதிந்த தாளமும் சேர்ந்து, பேச்சுமொழி கைவிட்ட சொற்களைக் காத்து நின்றன.

மேடையை நாடாத இசையை வீட்டார் காத்த செய்தி பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் நிக் டிரேக் என்னும் இசைஞர் இருந்தார். 1948இல் இரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர். கிற்றார் மீட்டித் தாம் இயற்றிய பாட்டுகளைத் தாமே பாடினார். நாணம் மிக்கவர், சபையோரை நிமிர்ந்து நோக்கி நாலு சொல் பேசவும் கூசுவார். 1969 முதல் 1972 வரை அவர் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுகளை வாங்கியோர் மிகச் சிலரே. 1974இல், தமது 26ஆம் வயதில் மறைந்தார். அவர் பாடி வாசிப்பதைக் காட்டும் படச்சுருள் ஒன்றேனும் இன்று இல்லை. பின்னாளில் உலகம் அவரைத் தேடியபோது, தேடியோர் சென்று கதவைத் தட்டியது பெற்றோரின் வீட்டை. அவருடைய தமக்கை கபிரியேல் டிரேக், நண்பரும் உறவினரும் கூறிய நினைவுகளைச் சேர்த்து 2014இல் ஒரு நூலாக்கினார். அவற்றையெல்லாம் விடச் சுவையான செய்தி வேறொன்று. அவருடைய தாயார் மொலி டிரேக்கும் வீட்டிலிருந்த பியானோவில் தாமே பாட்டுக் கட்டிப் பாடி வந்தவர். பிறர் முன் பாட முனைந்தவர் அல்லர். 1950களில் கணவர் அப்பாட்டுகளை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அவை 2013இல் வெளிவந்தபோது, மகனின் இசைக்கு ஊற்று எங்கிருந்தது என்பதைப் பலர் கண்டு கொண்டனர்.

சிரம்பியடித் தாய்மாருக்கு ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த கணவர் இல்லை. அவர்களிடம் இருந்தது பிள்ளைகளின் செவி ஒன்றே. ஆகவே அங்கு ஒரு தலைமுறை பாட மறந்தால், மீட்டெடுப்பதற்குப் பழைய நாடா எந்தப் பெட்டியிலும் கிடையாது. இவ்வேறுபாடு சிறியதன்று.

அண்மைக் காலத்தில் நிலை சற்று மாறியுள்ளது. ஷிஹான் டி சில்வா ஜயசூரிய முதலிய ஆய்வாளர் இம்மக்களின் வரலாற்றையும் பாட்டுகளையும் ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஊரவரும் குழுவாகச் சேர்ந்து, அழைக்கும் இடங்களுக்குச் சென்று பாடுகின்றனர். திருமண வீட்டிலும் திருநாளிலும் பொழுது புலரும்வரை பாடிய பாட்டு, இவ்வகையில் மேடைக்குரிய சில நிமிடங்களாகச் சுருங்குவது உண்மையே. உல்லாசப் பயணிகளுக்காக உடுத்தும் வண்ண உடை பாட்டியார் உடுத்ததன்று என்று குறைகூறுவதும் எளிது. ஆனால் முற்காலத்தில் தோற்றங் கண்டு பிறர் நகைப்பரோ என ஒதுங்கி வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகள், இன்று சபையில் நின்று தாம் யார் என்பதைச் சொல்லிப் பாடுகின்றனர். குறைகூறுவோர் இதனையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுதல் முறையாகும்.

இசையில் இம்மக்களின் பங்கு சிரம்பியடி எல்லைக்குள் அடங்கியதுமன்று. நாடெங்கும் கொண்டாட்டங்களில் ஒலிக்கும் பைலாவின் மூதாதைகளுள் ஒன்று கபரிஞ்ஞா என்னும் ஆட்டப்பாட்டு. அப்பெயருக்குள்ளேயே காப்பிரி என்ற சொல் இருக்கின்றது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியான் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் சிங்களத்தில் பைலாப் பாட்டுகளைப் பாடிப் பரப்பினார். திருமண மண்டபத்தில் அதற்கு ஆடும் இளைஞருள் எத்தனை பேர் சிரம்பியடியைக் கேள்விப்பட்டிருப்பர்?

மட்டக்களப்பில் கபரிஞ்ஞா ஆடும் பறங்கியரிடம், தேய்ந்த நிலையிலேனும், அதே போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்றும் பேச்சில் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணம் புரிந்தனர். தச்சும் கொல்லும் போன்ற கைத்தொழில்களில் சேர்ந்திருந்தனர். கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் என ஒரு கூடுமிடமும் அவர்களுக்கு இருந்தது. புத்தளத்தில் இருந்தோர் தொகையிற் சிறியோர். அயலிலுள்ள சிங்களக் குடும்பங்களில் பெண் கொண்டனர், கொடுத்தனர். பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குச் சென்றனர். மொழி ஓரிடத்தில் பிழைத்ததற்கும் மற்றோரிடத்தில் நலிந்ததற்கும் இவை காரணங்களாம். எனவே சிரம்பியடிப் பிள்ளைகள் பொருளறியாது பாடும் சொற்களின் பொருள் முற்றும் தொலைந்துவிடவில்லை. மேற்குக் கரையிற் பாடும் பாட்டுக்குப் பொருள் கூறவல்ல முதியோர் கிழக்குக் கரையில் இருக்கின்றனர். இருதிறத்தாரையும் ஒரே திண்ணையில் அமர்த்தி, ஒருவர் பாட மற்றவர் உரைகூறக் கேட்டு எழுதிக் கொள்ளுதல் பெரும் பொருட்செலவு வேண்டும் காரியமன்று. அம்முதியோரின் வயதை நோக்கின், பல ஆண்டுகள் தள்ளிவைக்கத்தக்க காரியமுமன்று.