மலை ஏறும் வண்டிக்கு எந்தக் கிளட்ச்?

விடியற்காலை. கல்வராயன் மலையில் பனி இன்னும் விலகவில்லை.

மரவள்ளிக் காட்டில் சுறுசுறுப்பு. பிடுங்கிய கிழங்கை மூட்டை மூட்டையாக பிக்-அப் வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி புறப்படுகிறது. ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. அடுத்த மேட்டில் ஏறுகிறது.

பாதி மேடு ஏறியதும் என்ஜின் உறுமுகிறது. ஆனால் வண்டி நகரவில்லை! கருகல் வாடை மூக்கைத் துளைக்கிறது.

என்ன கோளாறு?

கிளட்ச் தேய்ந்துவிட்டது!

கிழங்கு காத்திருக்காது

பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கின் மாவுச் சத்தை அளந்து, "பாயிண்டு" கணக்கில் விலை போடுவார்கள். சத்து குறைந்தால் பணமும் குறையும். வண்டி வழியில் நின்றால், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அதோடு நிற்கிறது.

2019-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கல்வராயன் மலையின் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். மேலே போகும் வண்டியில் உர மூட்டை, சிமெண்டு. கீழே வரும் வண்டியில் கிழங்கு. இரண்டு பக்கமும் பாரம்தான்.

சமவெளியில் ஓடும் வண்டிக்கு எந்தக் கிளட்ச் போட்டாலும் கொஞ்ச நாள் ஓடிவிடும். மலை வண்டிக்கு அப்படி அல்ல. பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

ஒரு தபால் கார்டை எடுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். கைகள் திரும்பினால் கார்டும் கூடவே திரும்பும். கைகளைத் தளர்த்தினால் கார்டு நின்றுவிடும்.

கிளட்சும் இப்படித்தான். ஒரு கை, என்ஜினோடு சுழலும் பிளைவீல். மறு கை, ஸ்பிரிங் பலத்தால் அழுத்தும் பிரஷர் பிளேட். நடுவில் உள்ள கார்டுதான் கிளட்ச் பிளேட். அது கியர்பாக்சின் தண்டில் மாட்டியிருக்கும்.

பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அழுத்தும். பிடி விடும். கியர் மாற்றலாம். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். வண்டி ஓடும்.

பிளேட்டின் மேல் உராய்வுப் பட்டை உண்டு. அது தேயத் தேயப் பிடி குறையும். என்ஜின் சுழலும், சக்கரம் சுழலாது. சூடு ஏறும். சூடு ஏறினால் பிடி இன்னும் குறையும்!

பழைய பூட்சில் பிறந்த யோசனை

இந்தப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்பது மேடு பள்ளமான சீமை. அங்கே குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த, பழைய பூட்சைத் தடைக்கட்டையாக வைப்பார்களாம். அதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார். "இதைவிட நல்ல கட்டை செய்தால் என்ன?" என்று யோசித்தார். 1897-ல் தொழில் தொடங்கினார். அதுதான் "ஃபெரோடோ" கம்பெனி. தன் பெயரின் எழுத்துக்களை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்!

பிற்காலத்தில் இப்படிப்பட்ட பட்டைகளில் கல்நார் சேர்த்தார்கள். அது சூட்டைத் தாங்கும். ஆனால் அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னால் தெரிந்தது. இங்கிலாந்திலேயே 1999-ல் கல்நாரைத் தடை செய்தார்கள். ஆகையால் பழைய கிளட்சைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

"பிளேட்டு மட்டும் போதுமா?"

ஒர்க்ஷாப்களில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது.

"அண்ணே, பிளேட்டு மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"தம்பி, கியர்பாக்சை இறக்கினால்தான் பிளேட்டை எடுக்க முடியும். ஆறு மாசத்தில் பேரிங் போச்சுன்னா மறுபடியும் இறக்கணும். கூலியை ரெண்டு தடவை கொடுப்பியா?"

மெக்கானிக் சொல்வது நியாயம். வேலையில் பெரும்பகுதி கியர்பாக்சை இறக்கி ஏற்றுவதுதான். பழைய பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், புதுப் பிளேட்டும் வழுக்கும். ஆகையால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதே சிக்கனம்.

பிளைவீலையும் பார்க்க வேண்டும். கோடு விழுந்திருந்தால், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால், கம்பெனி சொன்ன அளவுக்குள் கடைசல் பிடிக்கலாம். அளவு மீறினால் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. பழைய பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? இருந்தால் எங்கோ ஆயில் சீல் ஒழுகுகிறது. அதை அடைக்காமல் புதுக் கிளட்ச் போட்டால், அதுவும் கெட்டுப் போகும்!

பலமானது எல்லாம் நல்லதா?

"மலை வண்டி. பாரம் அதிகம். இருப்பதிலேயே முரட்டுக் கிளட்சாகப் போடுங்கள்" என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

உலோகமும் பீங்கானும் கலந்த வில்லைகள் பதித்த பிளேட் உண்டு. அது சூட்டை நன்றாகத் தாங்கும். டிராக்டருக்கும் கனரக வண்டிக்கும் ஏற்றது. ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ்சுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து போகும்போது வண்டி குதிக்கும். பிளைவீலும் சீக்கிரம் தேயும்.

ஸ்பிரிங் பலம் கூடினால் பெடலும் கனக்கும். நாள் முழுவதும் வளைவில் கியர் மாற்றும் டிரைவரின் கால் என்ன ஆகும்?

சாதாரண பட்டை போட்ட பிளேட் மெதுவாகப் பிடிக்கும். வண்டியை எத்தனை பாரத்துக்கு அனுமதித்தார்களோ, அத்தனை பாரத்துக்கு, தயாரித்த கம்பெனி சொன்ன அதே அளவுக் கிளட்ச் போதும். அதற்கு மேல் ஏற்றினால் எந்தக் கிளட்சும் தாங்காது.

கடையில் கவனிக்க வேண்டியது

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயர் வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு என்ஜின் மாறியிருக்கலாம். புகைக் கட்டுப்பாட்டுக்காக நாடு முழுவதும் 2017-ல் பி.எஸ். 4 விதியும், 2020-ல் பி.எஸ். 6 விதியும் வந்தன. ஆகையால் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டு போங்கள். சேஸிஸ் நம்பரைச் சொல்லுங்கள்.

பழைய பிளேட்டையும் கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வட்டம் சரியா? நடுத் துளையில் உள்ள பற்களின் எண்ணிக்கை சரியா? எண்ணிப் பாருங்கள்.

பெட்டியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். பில் கேளுங்கள். விலை நம்ப முடியாத மலிவா? பொருளையும் நம்ப வேண்டாம்!

போட்ட பிறகு

புதுக் கிளட்ச் பதியச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை முழுப் பாரத்தோடு மலை ஏற வேண்டாம்.

மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கை பிரேக் எதற்கு இருக்கிறது? ஓட்டும்போது பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே விடாதீர்கள். கியரில் வந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் வந்தால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். கிளட்ச் போனால் வண்டி நிற்கும். பிரேக் போனால்?

கல்வராயன் மலையில் விளைவது கீழே வந்து சேர வேண்டும். கூடவே, வண்டியோடு போனவரும் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். வீட்டு வாசலில் சிலர் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் அல்லவா?