உடம்பா, கடிகாரமா?

'வலி பத்தல', 'வாய் திறக்கல' – பிரசவ அறைச் சொல்லாடலில் குற்றவாளி எப்போதும் பெண்ணுடல்தான். எந்த அளவுகோலுக்குப் பத்தல? 1955இல் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் தலைப்பிரசவப் பெண்கள் 500 பேரை வைத்து ஒரு வளைகோடு வரைந்தார். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியணும் என்ற விதி அதையொட்டி வந்தது. அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் காரணமாக்கித் தலையிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. அதுவரை, கணக்கு தப்பினதையெல்லாம் உடம்பு தோத்ததாவே எழுதி வச்சாங்க.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. வாசல் மாறினால் இடுப்பெலும்பு மாறிவிடுமா என்ன?

பதிலுக்கு 'இயற்கை' என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உதிரப்போக்கு நம்பிக்கைக்குக் கட்டுப்படாது. கத்தி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். நான் சொல்ல வருவது வேறு. நம்பிக்கை பெண்ணின் மனசுக்குள் தனியாக ஊறுவதல்ல. எழுந்து நடக்க விடணும், கத்தினா அதட்டக் கூடாது, செய்யப்போறதைச் சொல்லிட்டுச் செய்யணும். கூடவே ஆள் இருந்த பெண்களுக்கு அறுவை குறைகிறது என்பதை 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் காட்டியது. இன்னமும் பல இடங்களில் அம்மாக்காரி கதவுக்கு வெளியேதான் நிற்கிறாள்.