எந்திரம் வந்தால் சாதி போய்விடுமா? ராயபுரத்திலிருந்து ஒரு கேள்வி

2025 ஆகஸ்ட் 1 அன்று சென்னை ரிப்பன் மாளிகைக்கு எதிரே தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததை எதிர்த்தே அந்தப் போராட்டம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மாநகராட்சிக்காக உழைத்தவர்கள் அவர்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். புதிய ஏற்பாட்டில் மாத ஊதியம் ஏறத்தாழ 23,000 ரூபாயிலிருந்து 17,000 ரூபாய்க்கும் கீழே இறங்கும் என்றார்கள். 13 நாட்கள் கழித்து, நடைபாதையை மறிக்கக்கூடாது என்ற உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி, காலை உணவு, மருத்துவம், வீடு, பிள்ளைகளின் கல்வி எனத் திட்டங்களை அறிவித்தது.

அந்த அறிவிப்பில் எல்லாம் இருந்தது, அவர்கள் கேட்டது மட்டும் இல்லை. காலை உணவு ஒரு சலுகை. யார் என் முதலாளி என்பது உரிமை பற்றிய கேள்வி. ஒரு நகரத்தின் எதிர்காலம் இந்த வேறுபாட்டில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

"எதிர்காலம்" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு எந்திரங்கள் நினைவுக்கு வருகின்றன. எந்திரம் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதை நிர்வாகம் தீர்மானிக்கிறது. அந்த வேலைக்கு உரியவர் யார் என்பதைச் சமூகத்தின் மனம் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் நாம் எங்கே போராட வேண்டும் என்பது விளங்கும்.

எந்திரம் இருக்கிறது, குழியில் மனிதரும் இருக்கிறார்

மனிதர் சாக்கடையில் இறங்காமலிருக்கத் தேவையான தொழில்நுட்பம் புதிதன்று. திருவனந்தபுரத்து ஜென்ரோபாடிக்ஸ் நிறுவனத்தின் பாண்டிகூட் எந்திரம் 2018இலேயே கேரளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. கழிவுநீர்த் தொட்டிகளுக்கென ஹோமோசெப் என்னும் எந்திரத்தைச் சென்னை ஐஐடி உருவாக்கியது. சட்டமும் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் 33ஆவது பிரிவு, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்ய நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது. உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27இல், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20இல் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29இல் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் சாக்கடையில் இறங்கிச் சுத்தம் செய்வதற்கு முழுத் தடை விதித்தது.

இத்தனைக்குப் பிறகும் மரணங்கள் ஏன் நிற்கவில்லை? விடையின் ஒரு பகுதி 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் மலத்தை அகற்றுபவர் "கையால் மலம் அள்ளுபவர்" ஆக மாட்டார் என்று அதன் 2ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. கையுறையும் முகக்கவசமும் கொடுத்துவிட்டால் அந்த மனிதர் சட்டத்தின் வரையறையிலிருந்தே மறைந்துவிடுவார். தொழிலை ஒழிக்க வேண்டிய தொழில்நுட்பம், தொழிலின் பெயரை மட்டும் ஒழிக்கிறது.

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறார்கள் என்பதை அது அதிகாரிக்குச் சொல்லும். குழியில் விஷவாயு இருக்கிறதா என்பதை அது தொழிலாளிக்குச் சொல்லாது. குழியில் இறங்குபவரைக் காப்பதற்குக் கிடைக்காத பணம், தெருவைப் பெருக்குபவரைக் கண்காணிப்பதற்குக் கிடைக்கிறது. இது பற்றாக்குறை அன்று, முன்னுரிமை.

முதலாளி யார் என்பதே தெரியாத ஏற்பாடு

சென்னையில் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போவது புதிதன்று. 2000இல் ஓனிக்ஸ் வந்தது, 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி, 2020இல் அர்பேசர் சுமீத். பெயர்ப்பலகைகள் மாறின. துடைப்பம் பிடித்த கைகள் எந்தச் சமூகத்தினுடையவை என்பது மாறவில்லை.

சட்டத்தின் மொழியில் இதன் பொருள் எளிது. தொழிலாளி விபத்தில் சிக்கினாலும் வைப்புநிதி கட்டப்படாவிட்டாலும், மாநகராட்சி நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் துணை ஒப்பந்ததாரரைக் காட்டும். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரப் பணியாளராகிவிட மாட்டார் என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. ஒப்பந்தமே பொய்யான திரை என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவினால் மட்டுமே கதவு திறக்கும். நிறுவ வேண்டியவர், நாள்தோறும் விடியலில் வேலைக்குப் போக வேண்டியவர்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் விதித்தொகுப்புகள் இதில் இன்னொரு முடிச்சைப் போட்டிருக்கின்றன. தொழில்சார் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 57ஆவது பிரிவு, ஒரு நிறுவனத்தின் மையச் செயல்பாடுகளில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால், எது மையச் செயல்பாடு அன்று என்ற பட்டியலின் முதலிலேயே பெருக்குதல், சுத்தம் செய்தல், கழிவு சேகரித்து அகற்றுதல் ஆகிய தூய்மைப் பணிகள் நிற்கின்றன. அந்த நிறுவனமே அப்பணிக்காக அமைக்கப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு. அப்படியானால் மாநகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது? நகரத்தைத் தூய்மையாக வைத்திருப்பது அதன் மையப் பணி இல்லையென்றால் வேறு எது? வரும் ஆண்டுகளில் நம் வழக்கறிஞர்களும் சங்கங்களும் நீதிமன்றங்களில் எழுப்ப வேண்டிய வாதம் இது.

மனம் எழுதிய பணி நியமனம்

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர் என 2024இல் செய்திகள் வெளிவந்தன. எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் சாதி நிபந்தனையாக எழுதப்படுவதில்லை. எழுதத் தேவையில்லை என்பதே அதன் வலிமை.

எந்திரத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம் சாட்சி. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்காகக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் இருவரைப் பழுதடைந்த அழுத்து எந்திரம் நசுக்கிக் கொன்றது. ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க அந்நகருக்குச் சென்றிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அங்கே எந்திரம் இல்லாமல் யாரும் சாகவில்லை. யாருடைய உயிருக்காக எந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அந்நகரம் நினைத்தது என்பதே சிக்கல்.

வேறொரு எதிர்காலம்

மாற்று இல்லாமலில்லை. சென்னைக் குடிநீர் வாரியப் பரப்பில், இருநூற்றுக்கும் மேற்பட்ட கழிவுநீர் அகற்றும் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களும் அவர்களது குடும்பத்தினரும் உரிமையாளராக இயக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதே எந்திரம்தான். உரிமை மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது. ஆனால் இதிலும் விழிப்பு தேவை. கடன் தவணை யார் தலையில், வேலை உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வாரியம் பணத்தை உரிய நேரத்தில் தருகிறதா என்று கேட்காவிட்டால், நேற்றைய கூலியாளர் இன்றைய கடனாளி ஆவார்.

நம் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் நாளையே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் மண்டலத்தின் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். ஊதியம், வைப்புநிதி, பாதுகாப்புக் கருவிகள் குறித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 33ஆவது பிரிவின்படி எத்தனை எந்திரங்கள் வாங்கப்பட்டன, எத்தனை ஓடுகின்றன என்று கேளுங்கள். சாக்கடை மரணம் நேர்ந்தால், முதல் தகவல் அறிக்கையில் "விபத்து" என்பதோடு நிறுத்த விடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9ஆவது பிரிவுகளும், இறந்தவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் பொருந்துமா என்று அன்றே எழுத்துமூலம் கேளுங்கள்.

6ஆம் மண்டலம் தாங்கியிருப்பது 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களோடு நின்று சென்னைத் தொழிற்சங்கத்தை வளர்த்த திரு.வி.க.வின் பெயரை. அந்தப் பெயர் கொண்ட மண்டலத்தின் தொழிலாளர்கள், நூறாண்டுக்குப் பிறகு, யார் எங்கள் முதலாளி என்று நடைபாதையில் அமர்ந்து கேட்க வேண்டியிருந்தது. அவர்களை அங்கிருந்து ஒரே இரவில் அகற்ற முடிந்தது. கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.