தாத்தாவின் மடக்குக் கத்திக்கு ஒரு குளியல்!

ஆயக்குடிக் கொய்யா வாங்கி வருகிறீர்கள். வீட்டுத் தாத்தா சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, 'டக்'கென்று விரித்து, வேட்டி நுனியில் ஒரு துடைப்புத் துடைத்து, பழத்தை நாலாக வகுந்து பேரனிடம் நீட்டுகிறார். அவனும் மிளகாய்ப்பொடி உப்பில் தொட்டுத் தின்கிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது!

ஆனால் அதே கத்தி காலையில் என்னென்ன வேலை பார்த்தது? தோட்டத்தில் உரச் சாக்கைக் கிழித்தது. வாழைச் சீப்பு அறுத்தது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, தாத்தா அதாலேயே கால் ஆணியையும் சீவிக்கொண்டார். கத்திக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்!

அழுக்கு எங்கே ஒளிகிறது?

அரிவாள்மனையைத் தினமும் கழுவுகிற நாம், மடக்குக் கத்தியில் அலகை மட்டும் துடைத்துவிட்டு மடக்கிவிடுகிறோம். அழுக்கு சேர்வதோ அலகு படுத்துக்கொள்ளும் பள்ளத்திலும், அது திரும்பும் ஆணியிலும், முதுகு ஸ்பிரிங்கிலும்தான். பழச்சாறு, மண், வியர்வை, பஞ்சுப் பிசிறு எல்லாம் கூடி அங்கே பிசுக்காகிறது. ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் அதில் கொஞ்சத்தை அலகு வழித்துக்கொண்டு வரும்.

"துருப்பிடித்த கத்தி பட்டால் ஜன்னி வரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பயம் நியாயம்தான்; ஆனால் குற்றவாளி துரு அல்ல. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்துகளாக வருடக்கணக்கில் காத்திருக்கும். பளபளக்கும் புதுக் கத்தியில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். இந்த நோயில் முதலில் தாடை இறுகித் திறக்க முடியாமல் போகும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

"வெந்நீர்ல போட்டு எடுத்தா செத்துப் போகாதா?" என்கிறீர்களா? அந்த வித்துகள் கொதிநீரையும் தாங்கும், ஸ்பிரிட்டுக்கும் அசையாது. அவற்றைத் தேய்த்துக் கழுவி வெளியேற்றுவதும், நாம் தடுப்பூசி போட்டிருப்பதும்தான் வழி.

குளிப்பாட்டும் முறை

வாழைக்கறை பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிடுங்கள். பிறகு கத்தியை முழுக்க விரித்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பள்ளத்துக்குள் பிரஷ் போகாது. அங்கே ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி விட்டு எடுங்கள். வருகிற கருப்பைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். தண்ணீருக்குள்ளேயே ஐந்தாறு முறை மெதுவாக மடக்கி விரித்தால் ஆணியில் சிக்கிய மண் கழன்றுவிடும். விரல் அலகின் பாதையில் இருக்கக் கூடாது, ஜாக்கிரதை! மரம், கொம்புப் பிடி என்றால் ஊறப்போடாதீர்கள், வெடித்துவிடும்.

கொய்யாக்காய், வாழைக்காய் வெட்டினால் சாதாரண இரும்பு அலகு கறுத்துப்போகும். காயிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் வருகிற கறை அது, துரு அல்ல. சிவப்புத் துருவைத்தான் எடுக்க வேண்டும். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் லேசான துரு போய்விடும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். எவர்சில்வரைக்கூட அது அரித்துப் புள்ளி விழச் செய்யும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, விரித்தபடியே வெயிலில் காயவைக்க வேண்டும்.

காய்ந்த பின் எண்ணெய். நல்லெண்ணெய் விட்டால் நாளடைவில் பசைபோல் இறுகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டானாலும் எண்ணெயை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினால் இதே கதிதான்! மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு ஆணியில் விட்டு, மிச்சத்தைத் துடைத்தால் போதும். அது கெட்டுப்போகாது, பழம் வெட்டும் கத்திக்கும் ஏற்றது.

கால் ஆணிக்கு இந்தக் கத்தியா?

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சதையோடு சீவினாலும் வலி தெரியாது. அந்தச் சின்ன வெட்டு புண்ணாகி, புரையோடி, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகலாம். கால் ஆணியை டாக்டர்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்த ரத்தத்துளியில் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும். நகமும் சதையும் வெட்டிய கத்தி, பழத்தட்டுப் பக்கமே வரக் கூடாது.

கை வெட்டுப்பட்டால் காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமான குத்து, மண் படிந்த காயம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார். முன்பு போட்ட டி.டி.க்குப் பதிலாக இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்த ஊசி போடுகிறார்கள்.

சாணை பிடிப்பவர் தெருவுக்கு வந்தால் மடக்குக் கத்தியையும் கொடுங்கள். மழுங்கிய கத்தியைத்தான் அழுத்தி வெட்டுவோம், அதுதான் வழுக்கும். ஸ்பிரிங் தளர்ந்து, வெட்டும்போதே விரல்மேல் மடங்குகிற கத்தியா? தாத்தாவிடம் நயமாகப் பேசி, அதை வாங்கிப் பரண்மேல் வைத்துவிடுங்கள்!